விளையாட்டு, நகரம், பெயர்: ஒரு மொழியியல் நோக்கு



1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றதை இங்குள்ள மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய விழாவை ஏற்று நடத்தும் உரிமையை நாட்டின் சார்பில் கேட்பது வழக்கம். கருவூலமும் காவல்துறையும் அரங்குகளும் அக்கேள்விக்குத் துணை நிற்கும். அரசின் முன்னெடுப்பு இன்றி, வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் உழைக்கும் குடிமக்கள் சிலர் ஒரு நகரத்திற்காக அவ்வுரிமையைக் கேட்டால் என்ன நிகழும்? ஹாங்காங் நகரில் அது நிகழ்ந்தது. அவர்கள் கேட்டது 'கே கேம்ஸ்' எனும் பன்னாட்டு விளையாட்டு விழா. இவ்வரலாற்றை நாம் சொற்களின் வழியே காண விழைகிறோம்.

இவ்விழாவைத் தொடங்கியவர் டாம் வாடெல். மருத்துவரான அவர், 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் பத்து அம்சத் தடகளப் போட்டியில் ஆறாம் இடம் பெற்றவர். தன்பாலீர்ப்புடையோர் மறைவின்றி விளையாட ஒரு களம் வேண்டும்; அக்களம் வயது, திறன், ஈர்ப்பு எதுவும் பாராது அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1982 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் முதல் விழா நடந்தது. அதற்கு அவர் சூட்டிய பெயரில் 'ஒலிம்பிக்' என்னும் சொல் இருந்தது. விழாவிற்குச் சில வாரங்களே இருந்தபோது, அமெரிக்க ஒலிம்பிக் குழு நீதிமன்றத் தடை பெற்றது. அச்சிட்ட பதாகைகளிலிருந்து அந்த ஒரு சொல் நீக்கப்பட்டது. நாய்களுக்கும் எலிகளுக்கும் நடத்தப்பட்ட போட்டிகள்கூட அப்பெயரைத் தாங்கியதுண்டு என்று அமைப்பாளர் தரப்பில் சுட்டிக்காட்டப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987 ஜூனில் தீர்ப்பு ஒலிம்பிக் குழுவின் பக்கமே வந்தது. அடுத்த மாதமே வாடெல் மறைந்தார். சொல்லை இழந்த விழா நிற்கவில்லை. வான்கூவர், நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், சிட்னி என நகரம் நகரமாக அது வளர்ந்தது.

ஆயினும் 2017 வரை ஆசிய நகரம் எதுவும் அவ்வுரிமையைப் பெற்றதில்லை. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பாரிசில் முடிவு அறிவிக்கப்பட்டபோது, வாஷிங்டனையும் மெக்சிகோவின் குவாடலஹாராவையும் முந்தி ஹாங்காங் தேர்வு பெற்றது. விண்ணப்பத்தை உருவாக்கியவர்கள் தன்னார்வலர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த தண்டனைச் சட்டத்தை 1991இல்தான் அந்நகரம் தளர்த்தியது; ஒருபால் திருமணத்தை அது ஏற்கவில்லை. அத்தகைய நகரின் குடிமக்கள் தேர்ந்த முழக்கம், நம் பள்ளி மேடைகள் நன்கறிந்த 'வேற்றுமையில் ஒற்றுமை' என்பதே.

உரிமை கிடைத்த பின்னரே கடினமான பணி தொடங்கியது. அரங்குகளைப் பெறுவது பெரும்பாடாயிற்று. 2021இல் சட்டமன்ற உறுப்பினர் சிலர் விழாவை வெளிப்படையாக எதிர்த்தனர். தங்கள் வீரர்களின் பாதுகாப்பைக் கருதித் தைவான் அமைப்பு பின்வாங்கியது. பெருந்தொற்றால் விழா ஓராண்டு தள்ளிப்போயிற்று. குவாடலஹாராவும் இணை நகரமாகச் சேர்க்கப்பட்டது. 2023 நவம்பரில் விழா நடந்தபோது, பன்னீராயிரம் பேரை எதிர்நோக்கியிருந்த ஹாங்காங்கிற்கு ஏறத்தாழ 2,300 பேரே வந்தனர். எண்ணிக்கை சுருங்கியது உண்மை. எனினும் டிராகன் படகோட்டமும் மாஜோங்கும் இடம்பெற்ற அவ்விழா ஆசிய மண்ணில் நடந்தேறியது.

இனி நம் மொழிக்கு வருவோம். இவ்விழாவைத் தமிழில் என்னவென்று அழைப்பது? தமிழ் இதழ்களில் நெடுங்காலம் வழங்கிவரும் 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல் இங்கு இருவகையில் பிழைபடுகிறது. முதலாவது, ஆணும் பெண்ணும் ஒரே மனித இனத்தவர். ஆதலின் எந்தத் தம்பதியும் ஓரினத்தவரே. இரண்டாவது, 'சேர்க்கை' என்பது செயலைச் சுட்டும் சொல். மனத்தின் இயல்பைச் சுட்டாது. நீந்த வந்தவரையும் ஓட வந்தவரையும் அது படுக்கையறையோடு மட்டுமே பொருத்திக் காட்டும். 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல்லோ இயல்பைச் சுட்டுகிறது, பழி சுமத்தவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணையை அடுத்து எழுந்த முயற்சிகளால், 2022இல் தமிழக அரசே இத்துறைக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மதிப்புடைய சொற்கள் வேண்டும் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

பால் வேறு, பாலீர்ப்பு வேறு என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். பால் திரிந்தோரைக் குறிக்கும் சொல்லைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆராய்கிறார். அச்சொல்லுக்கெனத் தனி ஈறு இல்லை; அது உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே முடியும் என்கிறார். தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் அதே நூற்பாவில் உடன்வைத்து இவ்விதியைக் கூறுகிறார். பிற்காலத்து நன்னூலார், அத்தகையோரை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வகுத்தபின், அஃறிணை போல் வருதற்கும் இடம் தருகிறார். இரண்டும் நம் மரபில் உள்ளவைதாம். எதனைக் கைக்கொள்வது என்பது இன்று நம் பொறுப்பு.

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. நம் வகுப்பறைகளில், நடையோ குரலோ சற்று மென்மையாக உள்ள மாணவனைச் சக மாணவர்கள் 'அது' என்பர். ஓர் எண்ணையே அவனுக்குப் பட்டப்பெயராக்கி நகைப்பர். திடலில் அணி பிரிக்கும்போது அவனைக் கடைசியில் விடுவர். நாளடைவில் அவன் திடலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்வான். வாடெல் தொடங்கிய விழா, இவ்வாறு திடலை விட்டுச் சென்றவர்களை மீண்டும் அழைத்த விழாவேயாகும்.

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற 377ஆம் பிரிவின் வழிவந்த விதிகள் நம் நாட்டின் குற்றவியல் சட்டத்தில் இன்றும் உள்ளன. சமயங்களின் நிலைப்பாடுகளும் அவை அறிந்தவையே. அவற்றைப் பற்றித் தீர்ப்புரைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஆயினும் ஒரு பிள்ளையை 'அது' என்று அழைக்க எந்தச் சட்டமும் ஆசிரியரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் நிற்கும் 'அவர்' என்னும் சொல்லையும், 'வந்தார்' என்னும் வினைமுற்றையும் தமிழ் நமக்கு முன்னரே வழங்கியிருக்கிறது. புதுச்சொல் ஆக்கும் உழைப்புகூட இங்கே தேவையில்லை.

ஹாங்காங்கின் தன்னார்வலர்கள் ஒரு நகரத்தை விழாவிற்கு இணங்கச்செய்ய ஆறாண்டுகள் உழைத்தனர். ஒரு வகுப்பறையின் சொல்வழக்கைத் திருத்த ஆசிரியருக்கு அத்துணைக் காலம் வேண்டியதில்லை. கேலிச்சொல் எழும் அந்நொடியிலேயே அதனைத் தடுத்து, அதன் பொருளையும் பிழையையும் விளக்கினால் போதும். இலக்கணம் கற்பிப்போர் செய்யத்தக்க பணி இது.