மறைந்து நிற்கும் தாய்



சற்றுமுன் வீதியுலா வந்தருளிய சந்திரசேகரப் பெருமானின் திருக்கரங்களை உற்று நோக்கியிருப்பீர்கள். வலக்கரம் ஒன்றில் மழு; இடக்கரம் ஒன்றில் மான்மறி. தாருகாவனத்து முனிவர்கள் வேள்வியில் எழுப்பி ஏவிய மான் அது என்று புராணம் கூறும். அக்கதையை இம்மேடையில் பலரும் பலமுறை விரித்துரைத்திருக்கிறார்கள்; நானும் அதனை விரிக்கப் போவதில்லை. ‘மறி’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆடு, குதிரை, மான் வகைகள் ஆகியவற்றின் இளமைக்கு உரிய பெயர் மறி என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துவைத்திருக்கிறது. ஆகவே, மான்மறி என்றால் மானின் குட்டி.

அத்தகைய மறியொன்றைக் கண்ணாரக் காணும் பேறு சென்ற ஆண்டு சித்திரையில் எனக்கு வாய்த்தது. வேதாரணியம் என இன்று வழங்கும் திருமறைக்காட்டில் வழிபாடு செய்துவிட்டுத் தெற்கே கோடிக்கரைக்குச் சென்றேன். கோடிக்குழகர் எழுந்தருளிய தலம் அது. சேரமான் பெருமாளுடன் அங்கே வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், காற்று மோதும் அந்தக் கடற்கரையில் துணையின்றித் தனியே இருக்கின்றீரே என்று பெருமானைப் பார்த்து உளமுருகிப் பாடினார். அக்கரையை அடுத்த புல்வெளியில் வெளிமான்கள் வாழ்கின்றன. அவற்றைக் காக்கும்பொருட்டு 1967ஆம் ஆண்டில் அவ்விடம் சரணாலயம் ஆயிற்று. முற்றிய கலைமான் கருநிறமும் திருகிய கொம்பும் கொண்டது. பிணைக்குப் பெரும்பாலும் கொம்பில்லை. மேனி மஞ்சள் கலந்த பழுப்பு.

கதிர் எழுந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. எங்களை அழைத்துச் சென்ற வனக்காவலர் திடீரென்று கையை நீட்டித் தடுத்தார். நாங்கள் நின்ற இடத்திற்குப் பத்தடி முன்னே, காய்ந்த புல்லின் நிறமே தன் நிறமாக, கழுத்தைத் தரையோடு படியவைத்துக் கிடந்தது ஒரு குட்டி. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. காதுகூட அசையவில்லை. சுற்றிலும் ஒரு மானையும் காணோம்.

“ஐயோ, தாயை நரி கொண்டுபோய்விட்டது போலிருக்கிறதே!” என்றார் உடன் வந்த அன்பர்.

“இல்லைங்க ஐயா, தாய் இங்கேதான் எங்கேயோ நிற்கும். நாம் நிற்பதால்தான் வரவில்லை” என்றார் காவலர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஈன்ற சில நாட்களுக்குக் குட்டியால் தாயோடு ஈடுகொடுத்து ஓட முடியாது. ஆதலால் தாய் அதனைப் புல்லுக்குள் கிடக்கவிட்டு அகன்று போய் மேய்கிறது. தான் அருகில் நின்றால் தன் உருவமும் மணமும் நரியை அங்கே அழைத்து வந்துவிடும். குட்டிக்கோ மணம் மிகக் குறைவு. இருக்கும் சிறிதளவு மணத்தையும் தாய் வரும்போதெல்லாம் நக்கித் துடைத்துவிடுகிறது. குட்டியின் கழிவைக்கூடத் தானே உண்டு அடையாளத்தை அழித்துவிடுகிறது. அமெரிக்க நாட்டு வெள்ளைவால் மான்களின் குட்டிகளை ஆராய்ந்தவர்கள், அச்சம் நேரும்போது அவற்றின் இதயத்துடிப்பு குறைந்துவிடுவதைக் கண்டார்கள். நமக்கு அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, அக்குட்டிக்கோ அடங்குகிறது!

அன்பர்களே, காவலர் பேசிக்கொண்டிருந்தபோது என்னால் அவர் முகத்தை நோக்க இயலவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, வெளிமான்கள் திரியும் தரிசுநிலங்களை அடுத்த சிற்றூரில் இருந்த என் தாய்மாமன் வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குச் சென்றிருந்தேன். இதேபோல் தனியே கிடந்த குட்டியொன்றைத் தாயற்றது என்று எண்ணி, இரக்கத்தோடு தூக்கி வந்தேன். பசும்பாலில் துணித்திரியை நனைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் விடியலில் அது கண்ணை மூடிவிட்டது. மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, நீ தூக்கி வந்த அன்று மாலையிலிருந்து அந்த வரப்பில் ஒரு பிணை வந்து வந்து நிற்கிறது” என்று மட்டும் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை; பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

இறைவனுக்கு ஐந்தொழில் கூறும் சைவ சித்தாந்தம், படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்பவற்றோடு மறைத்தலையும் சேர்க்கிறது. அம்மறைத்தலும் கருணையே என்று கொண்டு, அதனை மறக்கருணை என்கிறது. இளமையில் இதனை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன், நெஞ்சு ஒப்பவில்லை. ஒளிந்து நிற்பதை எப்படிக் கருணை என்பது? பிள்ளையை இழந்த ஒரு தாய் என்னிடம் வந்து, “சுவாமி எங்கே போனார்?” என்று கேட்டபோது விடை சொல்ல நா எழாமல் நின்றிருக்கிறேன். இப்பொழுதும் அந்த அம்மையாருக்குச் சொல்ல என்னிடம் முழு விடை இருக்கிறது என்று சொல்லமாட்டேன். உவமையும் எல்லா வகையாலும் பொருந்தாது. மான் பகைக்கு அஞ்சி விலகுகிறது. பெருமானுக்கு அஞ்சத்தக்க பகை ஏது? உயிர் பக்குவப்படும் வரையில் அவன் மறைந்திருக்கிறான் என்பதே சாத்திரம். ஆயினும், காணவில்லை என்பதனாலேயே கைவிட்டுப் போனார் என்று முடிவுகட்டும் அவசரம் என்னுடையது என்பதை அந்தப் புல்வெளியில் உணர்ந்தேன்.

காவலர் சொற்படி அடிமேல் அடிவைத்துப் பின்வாங்கி, நெடுந்தொலைவில் ஒரு புதரின் மறைவில் அமர்ந்தோம். வெயில் ஏறியது. முக்கால் மணி நேரத்திற்குப் பின், நாங்கள் சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து பிணையொன்று வந்தது. நேரே குட்டியிடம் போகவில்லை; நின்றது, மேய்வதுபோல் தலை தாழ்த்தியது, சுற்றி வளைத்து நடந்தது, மீண்டும் நின்று பார்த்தது. அது குரல் கொடுத்ததோ இல்லையோ, எங்கள் செவிக்கு எட்டவில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் மண்ணோடு மண்ணாய்க் கிடந்த குட்டி, சட்டென்று நான்கு கால்களையும் ஊன்றி எழுந்து, தள்ளாடி ஓடிப்போய் மடியில் முட்டியது.