கழுத்தில் தோன்றும் கட்டி



"நெறி கட்டியிருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல்லில் சொத்தையோ, தொண்டையில் புண்ணோ, தலையில் சிரங்கோ இருந்தால், தாடைக்குக் கீழோ காதுக்குப் பின்னோ ஒரு கட்டி தோன்றும், தொட்டால் வலிக்கும். நம் கழுத்தில் மட்டும் ஏறத்தாழ 300 நிணநீர்க் கணுக்கள் உள்ளன. உட்புகும் கிருமிகளை வழிமறிக்கும் காவற்சாவடிகள் அவை. சண்டை நடக்கும்பொழுது சாவடி வீங்குவது இயல்பே. புண் ஆறியபின் இரண்டு மூன்று வாரங்களில் வீக்கமும் வடிந்துவிடும். இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

வடியாத கட்டியைப் பற்றியே நான் பேச வந்தேன்.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு மாணவன், ஆடி மாதப் புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டான். ஒழுங்குள்ள பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன். ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். கழுத்தின் பக்கவாட்டில் மூன்று கட்டிகள், கோத்து வைத்தாற்போல இருந்தன. "வலிக்கிறதா?" என்றேன். "இல்லை, ஐயா" என்றான். "அப்படியானால் பயமில்லை, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடு" என்று சொல்லியனுப்பினேன். ஆசிரியப் பயிற்சியில் உடல்நலப் பாடம் படித்துத் தேறியவன் நான்! என் பேச்சால் இரண்டு மாதம் வீணாயிற்று. வலியில்லாத கட்டியைத்தான் கூடுதலாக ஐயுற வேண்டும் என்பதை அப்பொழுது நான் அறியேன். பின்னர் மருத்துவர் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்துச் சோதித்தார். காசநோய்.

காசம் என்றால் இருமல் என்றே நாம் எண்ணுகிறோம். அது நிணநீர்க் கணுக்களையும் பற்றும். கண்டமாலை என்று நம் முன்னோர் அழைத்தது பெரும்பாலும் இதனையே. ஐரோப்பாவில் அரசன் கை பட்டால் இந்நோய் தீரும் என்று நம்பினர். 1825ஆம் ஆண்டில், முடிசூட்டிக்கொண்ட பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ், இந்நோயாளர் பலரைத் தொட்டு ஆசி வழங்கினார். வியப்பு என்னவெனில், அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1823இல், பிரெஞ்சு ஆட்சியினர் நம் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தனர். அதன் வழிவந்ததே இன்று கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882இல்தான்.

எல்லாக் கட்டியும் காசமன்று. விழுங்கும்பொழுது மேலும் கீழும் அசையும் முன்கழுத்துக் கட்டி பெரும்பாலும் தைராய்டைச் சார்ந்தது. புகையிலை மெல்வோருக்கும் புகைப்போருக்கும், வாயிலோ தொண்டையிலோ தோன்றிய புற்றுநோய் முதன்முதலில் கழுத்துக் கட்டியாகவே வெளிப்படுவதுண்டு. உங்கள் தாத்தாவின் கழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவராக வாய் திறக்கமாட்டார்.

மூன்று வாரம் கடந்தும் கட்டி வடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுக. கல்லைப் போல் இறுகியிருந்தாலும், நகராமல் ஒட்டியிருந்தாலும், நாளுக்கு நாள் வளர்ந்தாலும், காறை எலும்புக்கு மேலே தோன்றினாலும் அத்தனை நாள் பொறுத்திருத்தல் வேண்டா. மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, குரல் கம்முதல், விழுங்க இயலாமை ஆகியவை உடன் இருந்தாலும் அவ்வாறே. மூச்சுத் திணறினால் அந்நேரமே செல்க. ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவும் என்று சிலர் அச்சுறுத்துவர். அது வீண் அச்சம். கட்டியைக் கீறுவதும் சூடு போடுவதுமே ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும்.

அம்மாணவனுக்கு அரசு மருந்து இலவசமாகக் கிடைத்தது. ஆறு மாதம் உட்கொள்ள வேண்டும் என்றனர். இரண்டாம் மாதத்தில் கட்டி குறைவதற்கு மாறாகப் பெருத்தது. மருந்து பலிக்கவில்லை என்று அவன் தாயார் நிறுத்தப் பார்த்தார். சிகிச்சையின் இடையே சிலருக்கு இவ்வாறு வீங்குவதுண்டு என்று மருத்துவர் அவருக்கு விளக்கினார். நுரையீரலில் நோய் இல்லாமையால் பிறருக்குத் தொற்றாது என்றும் கூறவே, அவன் மீண்டும் பள்ளிக்கு வந்தான். ஆறாம் மாத முடிவில் இரண்டு கட்டிகள் அடியோடு மறைந்தன. மூன்றாவது, பட்டாணி அளவில் ஒரு தழும்பாக நின்றுவிட்டது.