இளமைக் காயமும் இரு வடுக்களும்



சிறு வயதில் பட்ட அடி வளர வளர ஆறிவிடும் என்பர். உடலுக்கு அது பொருந்தலாம். உள்ளத்திற்கு எப்போதும் பொருந்துவதில்லை. அமெரிக்க மருத்துவர்களான ஃபெலிட்டி, ஆண்டா முதலியோர் 1998-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளமையில் கொடுமையும் குடும்பச் சீர்கேடும் எத்தனை வகையாக நேர்ந்தனவோ, அத்தனைக்கு முதிர்ந்த வயதில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் பெருகுவதை அது காட்டிற்று.

ஆயினும் காயம் ஒன்றாயினும் வடு ஒன்றாயிருப்பதில்லை. பெரும்பாலும் பெண்ணின் துயரம் உள்நோக்கித் திரும்பி, அச்சமாகவும் சோர்வாகவும் உறைகிறது. ஆணின் துயரம் வெளிநோக்கிப் பாய்ந்து, சினமாகவும் மதுவாகவும் மாறுகிறது. இது பொதுப்போக்கேயன்றி விதியன்று. சீறும் பெண்ணும் உண்டு, குமையும் ஆணும் உண்டு. உடலியல்பு ஒரு காரணம், நேர்ந்த கொடுமையின் தன்மை மற்றொன்று, வளர்ப்பு மூன்றாவது. "ஆண்பிள்ளை அழலாமா?" என்றும், "பெண்பிள்ளை எதிர்த்துப் பேசலாமா?" என்றும் கேட்டே இருவர் வாயையும் அடைத்து விடுகிறோம்.

சிறுவருக்குத் தீங்கு நேராது என்று எண்ணுவதும் தவறு. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் விசாரிக்கப்பட்டனர். உடல் துன்புறுத்தலுக்கு ஆளானோரில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்களே! 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், பாலியல் கொடுமையிலிருந்து இரு பாலாரையும் ஒருங்கே காக்கிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் எங்கள் பாகலூர்ப் பகுதியில், பெற்றோர் இருவருமே ஓசூர் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குச் செல்லும் இல்லங்கள் உண்டு. அத்தகைய பிள்ளையின் முகவாட்டத்தை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரும் தோழருமே. வகுப்பறையின் வழக்கமோ வேறு. முரடனுக்குத் தண்டனை கிடைக்கிறது. வாய் திறவாதவளுக்கு அடக்கமானவள் என்ற பாராட்டுக் கிடைக்கிறது. இருவரும் ஒரே காயத்தைச் சுமப்பவராயிருக்கக் கூடும் என்பதை எவரும் நினைப்பதில்லை.

உங்கள் தோழன் காரணமின்றிச் சீறினால், தோழி திடீரென ஒதுங்கினால், "என்ன நேர்ந்தது?" என்று பரிவோடு கேளுங்கள். கேட்டதை ஊரெங்கும் பரப்பாமல், நம்பத்தக்க பெரியவரிடம் சேர்ப்பியுங்கள். குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. காலத்தே கிடைக்கும் துணை வடுவின் ஆழத்தைக் குறைக்கும். துயரைச் சொல்வது ஆணுக்கு இழிவன்று, பெண்ணுக்கு அடங்காமையன்று.