பன்றிக்குப் பின்னால் நிற்பவர் யார்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பளம், நிரை, பால் விலை என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் உண்டு. காட்டுப்பன்றி சுட வருகிறவர் துப்பாக்கியில் என்ன போட்டுக்கொண்டு வருகிறார் என்பது பன்றியின் உயிரை மட்டும் பொறுத்த விஷயமல்ல. விடியுமுன் நிரையில் நிற்கிற நம் உயிரையும் பொறுத்தது.

பன்றி வேட்டையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. புதுநடவு ரப்பர் கன்றுகளைப் பன்றி கிளறித் தள்ளுகிறது. செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்கிறது. லயத்துக்குப் பின்னால் நாம் வைத்த மரவள்ளியையும் விட்டு வைப்பதில்லை. அடிபட்ட பன்றி ஆள்மேல் பாயும் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே பன்றியை அடக்கத்தான் வேண்டும். எதைக் கொண்டு, எங்கே, எந்த நேரத்தில் என்பதே கேள்வி.

நம் இளைஞர் சிலர் கைபேசியில் அமெரிக்க வேட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு, "ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் திருடனுக்கும் ஆகும், பன்றிக்கும் ஆகும்" என்று பேசிக்கொள்கிறார்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் காட்டுப்பன்றித் தொல்லை பெரிது. கைத்துப்பாக்கி வைத்திருக்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த நாட்டிலும் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு காரியத்துக்கும் ஒரே தோட்டாவைப் போடுவதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் நம் தோட்டத்து விஷயமும் விளங்கிவிடும்.

தோட்டா என்பது உறையும் மருந்தும் குண்டும் சேர்ந்தது. பறந்து போவது குண்டு. தற்காப்புக்காக அமெரிக்கர் பெரும்பாலும் வாங்குவது நுனியில் குழி வைத்த குண்டு. உடலுக்குள் புகுந்ததும் அது குடைபோல் விரிந்து வேகம் குறைகிறது. உடலைத் துளைத்து வெளியேறி அடுத்தவர்மேல் படும் அபாயம் அதனால் குறைகிறது. இப்படி விரியும் குண்டுக்குக் கல்கத்தா அருகே உள்ள டம்டம் ஆயுதச் சாலையின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1899-இல் ஹேக் நகர மாநாடு போர்க்களத்தில் அதைத் தடை செய்தது. ஆனால் ஜனக்கூட்டத்தின் நடுவே வேலை செய்யும் பல நாட்டுப் போலீசார், அப்பால் நிற்பவரைக் காக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமி நகரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினருக்கும் கொள்ளைக்காரர் இருவருக்கும் சண்டை நடந்தது. ஒரு கொள்ளைக்காரன்மேல் பாய்ந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அதிகாரிகள் இருவர் மாண்டார்கள். அதற்குப் பின் அந்தத் துறை ஓர் அளவுகோல் வகுத்தது. தசைக்கு ஈடாக வைத்த ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்துக்கு மேல் போவது நல்லதல்ல. தோழர்களே, இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். முதல் எண் எதிரே நிற்பவனுக்காக. இரண்டாவது எண் அவனுக்குப் பின்னால் நிற்கும் குற்றமற்றவனுக்காக.

பன்றிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில் கேடயம்போல் தடித்த தோல் இருக்கிறது. சீக்கிரம் விரியும் இலேசான குண்டு அதிலே சிக்கிக்கொண்டால் பன்றி சாகாது. காயத்தோடு ஓடும், அல்லது திரும்பிப் பாயும். ஆகவே கைத்துப்பாக்கியால் பன்றி சுடுகிற அமெரிக்கர் .357 மேக்னம், 10 மில்லிமீட்டர், .44 மேக்னம் போன்ற வலுவான தோட்டாக்களில், எளிதில் விரியாத கனத்த குண்டைத் தேடுகிறார்கள். அது பன்றியை ஊடுருவி அப்பாலும் போகும். பன்றிக்கு எது நல்ல தோட்டாவோ, பன்றிக்குப் பின்னால் நிற்பவருக்கு அதுவே பொல்லாத தோட்டா.

நம் நாட்டில் கைத்துப்பாக்கிப் பேச்சுக்கே இடமில்லை என்பதை இளைஞர்கள் உணர வேண்டும். 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்கியது உண்மைதான். அந்தக் காலம் 1960 ஜூலை 31-உடன் முடிந்தது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் குற்றம். ஏழாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. நிரையில் வெடிக்காத தோட்டா கிடந்தால் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள்.

இங்கே பன்றி வேட்டைக்கு வருவது உரிமம் பெற்ற 12 போர் துப்பாக்கி. அதிலும் தோட்டாக்கள் பலவகை. பறவைக்குப் போடும் பொடி ரவை சுமார் 200 மீட்டரில் ஓய்ந்துவிடும். பன்றிக்கு அது போதாது. பன்றிக்குப் பெரும்பாலும் போடுவது எஸ்.ஜி. எனும் பெரிய ரவை. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனுள்ள உருண்டைகள் ஒன்பது ஒரே தோட்டாவில் இருக்கும். 30 மீட்டர் தாண்டினால் அவை பரந்துவிடும், குறி நிச்சயமில்லை. ஆனால் தவறிய உருண்டை 600 மீட்டர் வரைகூடப் போகக்கூடும். ஒற்றைக் குண்டுத் தோட்டா அதையும் தாண்டும். சமதரையில், நேர்நேராக வைத்த மரங்களுக்கு நடுவே, 600 மீட்டருக்குள் எத்தனை நிரை இருக்கிறது, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நாம் நிற்கும் நேரமும் அப்படி. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே இருட்டிலேயே தலைவிளக்கோடு போகிறோம். குனிந்து மங்கைத் துடைக்கும்போது புதருக்கு மேல் முதுகு மட்டும் அசைகிறது. பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி பத்திரிகைக்குப் புதிதல்ல.

எனவே நிர்வாகத்திடம் நாம் கேட்பவை இவை. வேட்டை நடக்கும் தேதியும் இடமும் முந்தின நாளே பெரட்டில் அறிவிக்கப்பட வேண்டும். வெளிநாட்டுத் தோழர்களுக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஆள் வேலை செய்யும் இடத்திலும் அதை அடுத்த நிரைகளிலும், கடைசி ஆள் பால் நிறுத்து முடிக்கும் வரை துப்பாக்கி வெடிக்கக் கூடாது. வேட்டைக்காரர் பரண்மேல் இருந்து, கிட்டத்தில், மண்ணை நோக்கியே சுட வேண்டும். சமதரையில் ஒற்றைக் குண்டுத் தோட்டா அறவே கூடாது. யார் வந்தார், என்ன தோட்டா கொண்டு வந்தார், எத்தனை சுட்டார் என்று ஆபீசில் புத்தகம் வைத்து எழுத வேண்டும். கிராணிமார் நண்பர்களே, அந்தப் புத்தகம் நம் கையில்தான் வரும். வெற்றிடம் விடாமல் எழுதுவோம்.

இது தயவு கேட்பதல்ல. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலையிடத்தின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் இன்னொரு உரிமையும் சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. நிரைக்குப் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் கத்தியை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். மண்டோரிடம் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளைக்குச் செய்தி அனுப்புங்கள்.

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறவர் பன்றியின் தோலை மட்டும் அளந்து பார்த்தால் போதாது. அதற்கு அப்பால் மங்கு ஏந்தி நிற்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கில் நம் பெயரை எழுத வைப்பது சங்கத்தின் வேலை. இந்தத் தீர்மானத்தை இன்றே ஒருமனதாக நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறோம்.