வீட்டு வளவிலே ஒரு கோழி வமிசம்



கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கூட்டிலும் தீனியிலும் தொடங்குவர். நான் இன்று சேவலிலே தொடங்கப் போகிறேன். அதன் காரணத்தை விளக்குமுன், அண்மையில் நாம் அனைவரும் அனுபவித்த ஒன்றை நினைவூட்டுதல் நன்று.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கோழித்தீனி விலை ஏறியதையும், முட்டைக்குத் தட்டுப்பாடு உண்டானதையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை வந்திறங்கியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரும் பண்ணைகளில் வளரும் கோழிகள், வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட தாய்க்கோழிகளின் கலப்பிலே பிறந்தவை. அக்குஞ்சுகளை வாங்கியவர் முட்டை பெறலாம், அல்லது இறைச்சி பெறலாம். ஆனால் அவற்றை ஒத்த அடுத்த தலைமுறையை அவற்றிடமிருந்து பெற இயலாது. கலப்பிலே கூடி நின்ற குணங்கள் பிள்ளைகளிற் சிதறிப் போகின்றன. அன்றியும், அடைகிடக்கும் இயல்பு முட்டைக் கோழிகளிடமிருந்து தலைமுறை தலைமுறையாக நீக்கப்பட்டு விட்டது. ஆகவே கோழி ஓய்ந்ததும் மீண்டும் குஞ்சு வாங்க வேண்டும். வாங்க வழியில்லாத ஆண்டிலே கூடு வெறுங்கூடாகும். முட்டை விற்ற காசிலே பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் வழி பார்க்கும் தாய்மாருக்கு இது சிறு விஷயமன்று.

முட்டையும் கறியும் தந்து, தானே அடைகிடந்து, தன் குலத்தைத் தானே பெருக்கும் ஒரு கோழிக்கூட்டத்தை வீட்டு வளவிலே உண்டாக்க முடியுமா? முடியும். ஆனால் அது கடையில் விலைக்குக் கிடைப்பதன்று. சில ஆண்டுகள் பொறுத்துத் தெரிவு செய்து உண்டாக்க வேண்டியது.

நமது ஊர்க்கோழியின் குணங்கள் யாவருக்கும் தெரியும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைகிடக்கும். இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரிக்கும். பருந்து நிழல் கண்டால் சிறகை விரித்து நிற்கும். இப்படித் தாய்மையிலே காலம் கழிப்பதனால் ஆண்டொன்றுக்கு 40 முதல் 60 முட்டை வரையே அதனிடம் எதிர்பார்க்கலாம்; உடலும் சிறிது. இதனோடு கலப்பதற்கு ஏற்றது ரோட் ஐலண்ட் ரெட் என்னும் செங்கோழி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த கமக்காரர், முட்டைக்கும் கறிக்கும் ஒருங்கே உதவுமாறு தம் வளவுகளில் உருவாக்கிய இனம் அது. அவர்கள் அதற்குப் பயன்படுத்தியவற்றுள் நம் ஆசியப் பக்கத்து மலாய்ச் சேவலும் ஒன்று. எனவே அதனை முற்றிலும் அந்நியன் என்று சொல்லுதல் பொருந்தாது.

செஞ்சேவலை ஊர்ப்பேடுகளோடு விட்டாற் பிறக்கும் முதற் குஞ்சுகள் பெருத்து வளர்ந்து உள்ளத்தை மகிழ்விக்கும். அடுத்த தலைமுறை அவ்வாறிராது. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று பல விதமாய்ப் பிறக்கும். பலர் இவ்விடத்திலே மனம் சோர்ந்து எல்லாவற்றையும் விற்று விடுவார்கள். உண்மையில் வேலை தொடங்குவதே இங்கேதான். வேறுபாடு இருந்தாலன்றோ தெரிவு செய்யலாம்?

இனி நமது வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். விருந்தினர் வந்தால் எந்தச் சேவல் கறியாகின்றது? கொழுத்த சேவல். சந்தைக்கு எது போகின்றது? எல்லாவற்றிலும் முந்தி வளர்ந்தது. எஞ்சி நின்று அடுத்த குஞ்சுகளுக்குத் தகப்பனாகின்றது, ஒருவரும் விரும்பாத ஒடிசல். இப்படிப் பத்து ஆண்டு நடத்தினால், விரைவில் வளராமையையே நாம் அரும்பாடுபட்டுத் தெரிவு செய்தவர்களாவோம். ஊர்க்கோழி சிறுத்ததற்குத் தீனிக் குறைவை மட்டும் குற்றஞ் சொல்லுதல் நியாயமன்று.

உடற்பருமன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பெரும்பாலும் இறங்கும் குணம். ஆகையால் ஒரே கிழமையிற் பொரித்த சேவற்குஞ்சுகளைப் பதினாறாங் கிழமையிலே ஒரு தராசில் நிறுத்து, பாரமானதும் கால் நேரானதும் நோய் காணாததுமான ஒன்றைக் குலத்துக்கென்று வைத்து, மற்றவற்றைக் கறிக்கு விடலாம். முட்டை விஷயம் அவ்வளவு இலகுவன்று. அமெரிக்காவின் மேயின் மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1898 முதல் பல ஆண்டுகள் ஒரு பரீட்சை நடந்தது. ஆண்டுக்கு 160 முட்டைக்கு மேல் இட்ட பேடுகளை மட்டும் தாய்களாகவும், 200 க்கு மேல் இட்ட பேடுகளின் பிள்ளைகளைச் சேவல்களாகவும் வைத்து இனம் பெருக்கினர். கூட்டத்தின் சராசரி முட்டை உயரவேயில்லை! பின்னர் ரேமண்ட் பேள் என்னும் அறிஞர், பேட்டின் கணக்கோடு நில்லாது அதன் பெண்மக்கள் எவ்வளவு இடுகின்றன என்பதைப் பார்த்துத் தெரிவு செய்தார், பலன் கண்டார். ஒரு பேடு நிறைய முட்டை இட்டது நல்ல தீனியாலும் இருக்கலாம், நல்ல காலத்தாலும் இருக்கலாம். மக்களும் சகோதரிகளும் சேர்ந்து நன்றாய் இட்டால் அது குலத்தின் குணம்.

நம் வீட்டிலே பொறிக்கூடும் பேரேடும் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பேட்டின் முட்டையும் வடிவிலும் நிறத்திலும் சற்று வேறுபடும். எது எவளுடையது என்பதை வீட்டுப் பெண்கள் பார்த்தவுடன் சொல்லி விடுவார்கள். இது போதாதென்றால் பேட்டைப் பிடித்து, குதத்தின் இரு பக்கமும் உள்ள கூரிய எலும்புகளுக்கிடையே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாய்ப் பொருந்தினால் முட்டை இடுகின்றது. ஒரு விரலே நெருக்கினால் ஓய்ந்திருக்கின்றது. ஆண்டிற் பிந்தி இறகு உதிர்த்து விரைவில் மீண்டும் முளைப்பிப்பவளும் நல்ல முட்டைக்காரியே.

இனிச் சேவலுக்கு வருவோம். பிறக்கும் குஞ்சு ஒவ்வொன்றிலும் பாதி அவன் பங்கு. ஒன்பது பேடும் ஒரு சேவலுமாகப் பத்துக் கோழி உள்ள கூட்டம், இரத்தக் கணக்கிலே ஏறக்குறைய நான்கு கோழி உள்ள கூட்டத்துக்கே சமம். அதே பேடுகளுக்கு மூன்று சேவல் இருந்தால் அக்கணக்கு ஒன்பதாகின்றது. ஒரே சேவலை வைத்து, அவன் மகள்களையும் அவனோடேயே விட்டால், சில தலைமுறையிற் கூழ்முட்டை மிகும். குஞ்சுகள் நோஞ்சலாகிச் சாகும். சிலர் இதனைக் கண்ணூறு என்பர். கண்ணூறு அன்று, உறவு நெருங்கிய குற்றம்.

இதற்கு வழி, அயலிலுள்ள மூன்று வீட்டார் ஒன்றுசேர்தல். வீட்டுக்கு ஐந்து பேடு, ஒரு சேவல். முதல் வீட்டிற் பிறந்த சிறந்த சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டினது மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டினது முதல் வீட்டுக்கும் ஆண்டுக்கொரு முறை போக வேண்டும். பேடுகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும். யாழ்ப்பாணத்திலே மாப்பிள்ளை சீதன வீட்டுக்குப் போவதில்லையா? அதே ஒழுங்குதான், விளக்கிச் சொல்ல அதிக நேரம் செல்லாது. தகப்பன் மகளையும், சகோதரன் சகோதரியையும் இவ்வொழுங்கிலே சேர மாட்டான். அடைமுட்டை எடுக்கும் காலத்தில் மட்டும் வேலியைச் செவ்வையாய் அடைத்து, ஊர் சுற்றும் மற்றச் சேவல்களை விலக்கி வைத்தல் அவசியம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஓராண்டு முட்டையிட்டுத் தன் திறமையைக் காட்டிய மூன்று பேடுகளின் முட்டைகளையே அடைக்கு எடுங்கள். ஏழு நாளுக்கு மேற் பழகிய முட்டை வேண்டாம். குளிர்ந்த இடத்திலே மண்சட்டியில் மணல் பரப்பி, கூர்முனை கீழாக வையுங்கள். பேடுகள் எல்லாம் அடைகிடக்க வேண்டுமென்பதில்லை. எல்லாம் கிடந்தால் முட்டைக் காசு எங்கே? பதினைந்தில் நாலைந்து நல்ல தாய்கள் போதும். ஆனால் அந்த நாலைந்தின் மகள்களைக் கட்டாயம் கூட்டத்தில் வைத்திருத்தல் வேண்டும். முட்டைக் கணக்கிலே அவர்கள் பின்தங்கினாலும் கழித்து விடாதீர்கள். அவர்களே உங்கள் பொரிக்கும் யந்திரம்.

வீட்டுக்கு இரண்டு அடையாக, அடைக்குப் பத்து முட்டை என்றால் மூன்று வீட்டிலும் அறுபது முட்டை. நாற்பத்தைந்து பொரித்து முப்பது தப்பினால், பாதி சேவல், பாதி பேடு என்று கொள்ளலாம். மூன்று சேவலும் எட்டுப் பேடும் குலத்துக்கு. எஞ்சிய பத்தொன்பதும் கறிக்கும் விற்பனைக்கும். அந்த முப்பது தப்புவதற்கு, முதல் நான்கு கிழமையும் காகத்துக்கும் கீரிக்கும் எட்டாதபடி கரப்பின் கீழ் வைத்து, கறையானும் குறுணலும் கொடுக்க வேண்டும். இராணிக்கேத்து நோய் என்னும் கொடிய தொற்று ஒரு கிழமையிலே கூட்டையே துடைத்து விடும். மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி தடுப்பு மருந்திட்டு வாருங்கள். வெளியூரிலிருந்து ஒரு கோழி வந்தால் ஒரு மாதம் புறம்பாக வைத்துப் பார்த்த பின்பே கூட்டத்திற் சேருங்கள்.

இன்னும் ஒன்று. புதுச் சேவல் வந்த மறுநாளே அடைமுட்டை சேர்க்க முற்படாதீர்கள். பழைய சேவலின் வித்து, பேட்டின் உடலிலே இரண்டு மூன்று கிழமை வரை உயிரோடு தங்கும். பழையவனை விலக்கி மூன்று கிழமை கழிந்த பின் இடும் முட்டைகளே நிச்சயமாய்ப் புதியவனுடையவை. அதுவரை இடுவதையெல்லாம் தாராளமாய்ப் பொரித்துச் சாப்பிடலாம்.