மெட்டுக்கு உரியவர் யார்?



ஜாஸ் உலகில் ‘ஸ்டாண்டர்ட்’ என வழங்குவது, முன்பின் அறியாத கலைஞர்கள் எந்த ஊரில் ஒரே மேடையில் கூடினாலும், இசைத்தாளைப் பாராமலே சேர்ந்து வாசிக்கத்தக்க பொதுப்பாடல் ஆகும். அவற்றுள் பல, ஜாஸுக்கென்று பிறந்தவையே அல்ல. நாடக அரங்குக்காகவும் திரைப்படத்துக்காகவும் எழுதப்பட்ட காதல் பாடல்கள் அவை. அந்த வரிசையில் தலையாய இடத்தில் நிற்பது ‘பாடி அண்ட் சோல்’. ஜானி கிரீன் என்ற 21 வயது இளைஞர் மெட்டமைக்க, எட்வர்ட் ஹேமன், ராபர்ட் சோர், ஃபிராங்க் ஐட்டன் ஆகிய மூவர் வரிகளை எழுத, பிரிட்டிஷ் நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸுக்காக உருவான அப்பாடல், 1930-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் லிபி ஹோல்மனின் குரலில் ஒலித்தது. அதே ஆண்டில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அதை ஒலிப்பதிவு செய்தார்.

காதலியும் காதலனும் ஏங்கும் பாடல்கள் அந்நாளில் மழைக்கால ஈசல்போல் வந்து மடிந்தன. இது மட்டும் ஏன் மடியவில்லை? விடை அதன் அமைப்பில் இருக்கிறது. 32 தாள அளவுகள் கொண்ட இப்பாடலில் ஒரே பகுதி இருமுறை வந்து, பிறகு ‘பிரிட்ஜ்’ எனப்படும் இடைப்பகுதி தோன்றி, முதற்பகுதி மீண்டும் வந்து நிறைவு தருகிறது. டி ஃபிளாட் சுருதியில் தொடங்கும் பாடல், இடைப்பகுதியில் அரைச்சுரம் ஏறி டி சுருதிக்குச் சென்று, அங்கிருந்து சி சுருதிக்கு இறங்கி, பின்னர் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. பாடுபவரின் மனத்தை உருக்கும் இந்த ஏற்ற இறக்கமே வாசிப்பவரின் விரலுக்கும் செவிக்கும் சோதனையாகிறது. அந்தச் சோதனையை விரும்பி ஏற்ற கலைஞர்களே இப்பாடலை வாழவைத்தனர்.

1939 அக்டோபர் 11 அன்று நடந்ததை இந்த அவை நினைவில் கொள்ள வேண்டும். ஐந்தாண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்துவிட்டு அவ்வாண்டில்தான் தாயகம் திரும்பியிருந்த கோல்மன் ஹாக்கின்ஸ், புளூபேர்ட் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் டெனர் சாக்ஸபோனுடன் நின்றார். ஜீன் ரோஜர்ஸின் பியானோ சிறு முன்னுரை தந்து ஓய, ஹாக்கின்ஸ் முதல் சில அளவுகளில் மெட்டைச் சற்றே தொட்டுக் காட்டிவிட்டு, அதன்பின் அதன் பக்கமே திரும்பவில்லை. மெட்டுக்கு அடியில் ஓடும் ‘கார்டு’ வரிசையை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் ஒழுங்கை, மட்டும் பற்றிக்கொண்டு, இரண்டு சுற்றுகளில் 64 அளவுகள் முழுவதும் தம் கற்பனையை விரித்தார். பிற ஊதுகருவிகள் பின்னணியில் மெல்ல இழைந்தன. ஏறத்தாழ மூன்றே நிமிடம்! மெட்டைப் பெரிதும் கைவிட்ட அந்த இசைத்தட்டை மக்கள் காசு கொடுத்து வாங்கிக் கொண்டாடினர். வெகுமக்களுக்கு நுண்கலை புரியாது என்று மேடைதோறும் முழங்குவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

வேறு சிலர், ஹாக்கின்ஸ் பிறர் பாட்டைத்தானே வாசித்தார், படைத்தவர் கிரீன் அல்லவா என்பர். கிரீனின் புகழை எவரும் குறைக்க வேண்டியதில்லை; அவர் இட்ட அடித்தளம் உறுதியானது. ஆனால் 1960-இல் அதே பாடலை எடுத்த சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், இடைப்பகுதியின் கார்டுகளையே மாற்றியமைத்தார். அம்மாற்றம் பின்வந்தோர் பயிலும் பாடமாயிற்று. அதைப் படைப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பாடலுக்கான உரிமைத்தொகையோ, வழக்கப்படி, மெட்டும் வரியும் தந்தவருக்கும் பதிப்பகத்துக்குமே செல்கிறது. அவற்றின்மீது அந்தக் கணத்தில் புதிய இசை சமைத்தவர் படைப்பாளர் பட்டியலில் ஏறுவதில்லை. இது பெரும் அநீதி.

அந்தப் பட்டியலில் மட்டுமன்றி, எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒருவர் இருக்கிறார். இரவு விடுதியின் மூலையில், பாடகர் கேட்ட சுருதியில் கேட்ட நொடியே இப்பாடலை மாற்றி வாசித்து, இளையவர் இடைப்பகுதியில் தடுமாறும்போது அடுத்த கார்டை அழுத்தமாக ஒலித்து வழிகாட்டிய பியானோக் கலைஞர் அவர். ஒருவரல்லர், ஆயிரம் ஆயிரம் பேர்! பாடலைக் கையிலிருந்து கைக்குக் கடத்தியவர்கள் அவர்களே. 2011-இல் டோனி பென்னட்டும் ஏமி வைன்ஹவுஸும் லண்டனில் இதனைச் சேர்ந்து பாடியபோது, எண்பதாண்டு அகவை கொண்ட அப்பாடல் அவர்களிடம் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் அந்தப் பெயரில்லாத உழைப்பு இருந்தது.

ஒரு பாடலை எழுதுபவர் ஒருவராகவோ நால்வராகவோ இருக்கலாம். அதை ஸ்டாண்டர்ட் ஆக்குவது ஒரு கலைச்சமூகம். ஆகவே இசை வரலாறு எழுதுவோர் மெட்டமைத்தவர் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அதை வாசித்து வளர்த்தோரின் பெயர்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். அதுவரை அந்த வரலாறு பாதி வரலாறே!