உவமையும் பிரம்படியும்



அங்கயற்கண்ணி உடனுறை ஆலவாய் அண்ணலின் திருவடிகளை வணங்கித் தொடங்குகின்றோம். ஆவணி மூலப் பெருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கேட்க வந்திருக்கின்றீர்கள். அதற்குள் புகுமுன் உவமை என்னும் பொருளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். திருக்கோயிலில் இலக்கணப் பாடம் எதற்கு என்று எண்ண வேண்டா. இவ்வூரில் அரசு செய்யும் அன்னையின் திருநாமமே ஓர் உவமையன்றோ!

கயல் போன்ற கண்ணை உடையவள் ஆதலின் அங்கயற்கண்ணி, வடமொழியில் மீனாட்சி. கேட்டவுடனே கண்ணின் வடிவழகுதான் நினைவுக்கு வரும். அவ்வளவுதானா? மீனுக்கு இமை இல்லை. அது கண்ணை மூடுவதே இல்லை. நள்ளிரவிலும் தன் மக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் அன்னை. வடிவைச் சொல்ல வந்த உவமை, அவள் செய்யும் காவலையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. நோயுற்ற பிள்ளையின் அருகில் விழித்திருக்கும் தாய்க்கு இத்திருநாமத்தின் பொருளை விளக்க வேண்டுமோ? வேண்டா.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயலே வகுத்தார். செயலால் ஒப்புமை, பயனால் ஒப்புமை, வடிவால் ஒப்புமை, நிறத்தால் ஒப்புமை என உவமை தோன்றும் வகை நான்கு. வைகை வெள்ளம் போலக் கூட்டம் திரண்டது என்றால் செயல். மழை போன்ற கொடை என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் வடிவு. மரகதம் போன்ற திருமேனி என்றால் நிறம். எந்த வகையில் ஒப்பு என்று சொல்லுபவனுக்கு முதலில் தெளிவு வேண்டும். கேட்பவனுக்கும் அது விளங்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் உவமை தீங்கு செய்துவிடும்.

எம்முடைய குற்றம் ஒன்றை இங்கே சொல்கின்றோம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், மதுரைக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றில் சொற்பொழிவுக்கு அழைத்திருந்தார்கள். ஆசிரியரிடம் பாடம் கேட்டு முடித்த புதிது. நாவில் வேகம் மிகுதி. சிவபெருமானை நினையாத நெஞ்சம் வற்றிய கண்மாய் போன்றது என்று எடுத்துக்கொண்டு, வெடித்த மண்ணையும், கருகிய பயிரையும், மடிந்த மீனையும் அடுக்கடுக்காக வருணித்தோம். கூட்டம் அசையாமல் இருந்தது. எம் சொல்வன்மையில் மயங்கினார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

சொற்பொழிவு முடிந்தது. திருநீறு பூசிய முதியவர் ஒருவர் வந்து கைகூப்பி, "சாமி, எங்க கண்மாய் வத்துனது நாங்க செஞ்ச பாவந்தானா?" என்று கேட்டார்.

எமக்கு நா எழவில்லை. அவ்வாண்டு அங்கே மழை பொய்த்திருந்தது. எமக்கு உவமையாக இருந்த கண்மாய் அவர்களுக்கு உவமை அன்று, வயிறு. நெஞ்சுக்குக் கண்மாயைக் காட்டினோம். அவர்களோ கண்மாய்க்கு நெஞ்சைக் காரணமாக்கிக் கொண்டார்கள். ஒப்புமையை எந்த எல்லையில் நிறுத்த வேண்டும் என்று அறியாமல் நீட்டியதன் பயன் அது. "பெரியவரே, பொறுத்தருள வேண்டும், அவ்வாறு சொல்ல நினைக்கவில்லை" என்று தடுமாறினோம்.

அவர் சினக்கவில்லை. "அது கெடக்கட்டும் சாமி. கண்மாய் வத்துனாத்தானே உள்ள இறங்கி மண்ணு வெட்டிக் கரைக்குப் போட முடியும்? நாளைக்குக் காலையில ஊரே வெட்டப் போகுது" என்றார். வெறுங்கண்மாயில் நின்று, வரப்போகும் நீருக்காகக் கரையை உயர்த்துவது! நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த உவமையை யாம் எந்த நூலில் தேடுவது? மறுநாள் மாலை அதே மேடையில் ஏறி, முதல் நாள் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, அவர் தந்த உவமையையே பொருளாக வைத்துப் பேசினோம். அன்றுதான் அவ்வூரார் எம் பேச்சைக் கேட்டார்கள்.

அதன்பின் திருவாசகத்தைத் திறந்தபோது, முன்பு காணாத ஒன்று தென்பட்டது. மதுரைக்கு அண்மையில் உள்ள திருவாதவூரில் தோன்றிய மணிவாசகப் பெருமான், திருவுத்தரகோசமங்கையில் அருளியது நீத்தல் விண்ணப்பம். அதன் 50 பாடல்களில் எத்தனை உவமைகள்! இருபுறமும் தீப்பற்றிய கட்டையின் நடுவே சிக்கிய எறும்பு. எறும்புக் கூட்டம் மொய்த்து அரிக்கும் மண்புழு. ஐம்புலன்களாகிய ஆற்றின் கரையில் நிற்கும் மரம். யாவும் உழவரும் சிறுவரும் நாள்தோறும் கண்டவை. ஆற்றங்கரை மரத்தைப் பாருங்கள். மேலே தழைத்துப் பசுமையாக நிற்கும். கீழே நீர் வேரின் மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். நிழலில் இளைப்பாறுபவனுக்கு அது தெரியாது. புலன் இன்பத்தில் திளைக்கும் வாழ்வின் செயலை இம்மரம் சொல்லிவிடுகின்றது.

ஆனால் அந்த எறும்பு யார்? அப்புழு யார்? அம்மரம் யார்? நீங்களும் அல்லர்; யாமும் அல்லேம். அனைத்தும் தாமே என்கின்றார் அடிகள். இழிந்த உவமை எதனையும் கேட்பவர் தலையில் அவர் சுமத்தவில்லை. தம்மைச் சொல்லிக்கொண்டு அழுகின்றார். அதனாலேயே, "இஃது என் கதையன்றோ!" என்று நாமும் உடன் அழுகின்றோம். யாம் விரலை நீட்டிச் சொன்ன உவமை காயமாயிற்று. அவர் தம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னது மருந்தாயிற்று.

இனித் திருவிளையாடலுக்கு வருவோம். வைகைக் கரையை அடைக்க, வந்திப் பாட்டியின் பங்குக்குக் கூலியாளாக வந்தான் இறைவன். உதிர்ந்த பிட்டை உண்டான், ஆடினான், உறங்கினான். சினந்த பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி எல்லா உயிர்கள் மேலும் பட்டது. அடித்த பாண்டியன் முதுகிலும் பட்டது. மேடையில் நிற்கும் எம் போன்றோரும், வீட்டில் பிள்ளையைத் திருத்த உவமை சொல்லும் தாய் தந்தையரும் இதனை மறக்கலாகாது. சொல்லும் ஒரு பிரம்புதான். ஓங்கும்போது முதலில் நம் முதுகை எண்ணிக்கொள்ள வேண்டும்.

கரைக்கு மண் சுமந்த பெருமான் நம் சொற்களுக்கும் துணை நிற்பானாக.

திருச்சிற்றம்பலம்.